பெருங்குடலின் சமையல்கட்டு

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய பால்கோவாப் பொட்டலத்தை இரண்டு பேர் பிரித்துச் சாப்பிடுகிறார்கள். ஒருவருக்கு ஒன்றும் ஆவதில்லை. இன்னொருவருக்குச் சாயங்காலத்துக்குள் வயிறு உப்பிக்கொள்கிறது, கடமுடவென்று சத்தம் போடுகிறது, சில நேரம் பேதியும் ஆகிறது. அங்கிருந்து அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ராஜபாளையம். அங்கே காலையில் பழைய சோற்றைப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, நீராகாரத்தையும் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர் அது வயிற்றுக்கு இதம் என்கிறார். முதல் நாள் இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்த சோறு இதமாக இருக்கிறது, அன்றன்றைக்குக் கிண்டி எடுத்த பால்கோவா தொல்லை கொடுக்கிறது. ஏன்? உடம்புவாகு என்று ஒரு பதில் இருக்கிறது, சூடு குளிர்ச்சி என்று இன்னொரு பதில் இருக்கிறது. நம் முன்னோர் கவனித்ததைச் சுருக்கிச் சொன்ன சொற்கள் அவை, அவற்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை. கவனிப்புக்கு அடியில் நடப்பது என்ன என்று மட்டும் அவை சொல்வதில்லை.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான். நாம் எதைச் செரிக்கிறோம் என்பதைப் போலவே, எதைச் செரிக்காமல் விடுகிறோம் என்பதும் முக்கியம். அப்படி விட்டதை உணவுப்பாதையின் கடைசி ஐந்தடியில் வேறு யாரோ சமைக்கிறார்கள். அந்தச் சமையல் நன்றாக நடந்தால் உடம்பில் தண்ணீர் தங்கும், கெட்டால் தண்ணீர் போய்விடும். இதைக் காட்டிய ஆராய்ச்சியில் ஒரு பெரும்பங்கு தமிழ்நாட்டில், வேலூரில் நடந்தது.

ஒரு நாளைக்கு ஒன்பது லிட்டர்

நாம் குடிப்பது, உணவில் இருப்பது, எச்சில், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர், குடலே சுரப்பது எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு நாளில் சுமார் ஒன்பது லிட்டர் திரவம் சிறுகுடலுக்குள் போகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சி இரத்தத்துக்குத் திருப்பிவிடுகிறது. மிஞ்சும் ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் பெருங்குடலுக்கு வருகிறது. மலத்தோடு வெளியே போவது ஏறக்குறைய ஒரு டம்ளர் அளவுதான். அப்படியானால் பெருங்குடலின் வேலை ஒரு லிட்டர் தண்ணீரை வற்றவைப்பதோடு முடிந்துவிடுகிறதா? நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். வற்றவைக்கவும் சேமித்துவைக்கவுமான ஒரு பை என்பதே பாடநூல்களில் அதற்குக் கிடைத்த மரியாதை. 1970களில் நடந்த அளவீடுகள் வேறு கதை சொல்லின. நலமாக உள்ள ஒருவரின் பெருங்குடலுக்குள் திரவத்தை மெதுவாக விட்டுக்கொண்டே போனால் அது ஒரு நாளில் ஐந்து லிட்டர் வரை உறிஞ்சிக்கொள்ளும். அன்றாடத் தேவைக்கு மேல் மூன்று நான்கு லிட்டர் கைவசம் இருக்கிறது. சிறுகுடல் நோயுற்றுத் தண்ணீரைக் கீழே தள்ளும்போது, அந்தக் கையிருப்புதான் பேதி ஆகுமா ஆகாதா என்று தீர்மானிக்கிறது.

இதே ஐந்தடியில்தான் நம் உடம்பின் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை வாழ்கின்றன. 2016இல் வெளியான ஒரு கவனமான மதிப்பீட்டின்படி ஒரு மனிதரிடம் உள்ள பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. எடையில் பார்த்தால் எல்லாம் சேர்ந்தும் கால் கிலோவுக்குள் அடங்கிவிடும். அங்கே ஆக்சிஜன் கிடையாது. சிறுகுடல் செரிக்காமல் விட்ட நார், மாவு, சர்க்கரை ஆகியவற்றைப் புளிக்கவைத்து அவை உயிர்வாழ்கின்றன. தோசை மாவு பொங்குவதைப் பார்த்திருக்கும் நமக்குப் புளிப்பு புதிதல்ல. அமிலமும் காற்றும் வரும். பெருங்குடலில் வரும் அமிலங்களை இந்த நூலில் குறுங்கொழுப்பு அமிலங்கள் என்று அழைப்போம். நெய்யிலும் எண்ணெயிலும் உள்ள கொழுப்பு அமிலங்கள் நீண்ட சங்கிலிகள். இவையோ இரண்டு, மூன்று, நான்கு கரிம அணுக்கள் மட்டுமே கொண்ட குட்டிச் சங்கிலிகள். நான்கு கரிம அணுக்கள் கொண்டதற்குப் பியூட்டிரேட் என்று பெயர். வெண்ணெயைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றம் இதனுடையதுதான்.

நாற்றமடிக்கும் இந்தப் பொருளைத்தான் பெருங்குடலின் உட்சுவர் உண்கிறது. 1980இல் ரோடிகர் என்ற அறுவை மருத்துவர் மனிதப் பெருங்குடல் உயிரணுக்களைப் பிரித்தெடுத்துச் சோதித்தார். அவை தம் ஆற்றலில் பெரும்பங்கைப் பியூட்டிரேட்டை எரித்தே பெறுகின்றன என்று கண்டார். உடம்பின் மற்ற உறுப்புகளுக்குச் சாப்பாடு இரத்தத்தின் வழியே வருகிறது. பெருங்குடல் சுவருக்கு மட்டும் அது உள்ளேயிருந்து, பாக்டீரியாவின் கையால் பரிமாறப்படுகிறது.

பால்கோவாவில் ஒரு கணக்கு

இப்போது பொட்டலத்துக்குத் திரும்புவோம். பாலில் உள்ள இயல்பான சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதை இரண்டாக உடைத்தால்தான் சிறுகுடல் உறிஞ்ச முடியும். உடைப்பது லாக்டேஸ் என்ற நொதி. கைக்குழந்தைகளுக்கு அது ஏராளமாகச் சுரக்கும். வளர வளரப் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். பெரியவர்களான பிறகும் அதைச் சுரக்கவைக்கும் மரபணு மாற்றம் ஒன்று உண்டு. இந்தியா முழுவதும் ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, அந்த மாற்றம் வடமேற்கில் மிகுந்தும் தெற்கும் கிழக்கும் நோக்கி வர வரக் குறைந்தும் இருப்பதைக் காட்டியது. பால்கோவாவுக்காக 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஊர், பாலைச் செரிக்கும் மரபு அருகிப்போன நிலப்பரப்பில் இருக்கிறது என்பது யோசிக்க வேண்டிய செய்தி.

ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய 47 கிராம் லாக்டோஸ் உண்டு. கிண்டும்போது தண்ணீர்தான் ஆவியாகிறது, லாக்டோஸ் அங்கேயே நிற்கிறது. ஒரு லிட்டர் பாலும் சர்க்கரையும் சேர்ந்து 350 கிராம் பால்கோவா ஆனதாக வைத்துக்கொள்வோம். அதில் 50 கிராம் சாப்பிட்டால் 7 கிராம் லாக்டோஸ் கூட இல்லை. 100 கிராம் சாப்பிட்டால் 13 கிராமைத் தாண்டும். லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை பெரிய தொல்லை இல்லாமல் தாங்குகிறார்கள் என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. ஆக, ஒருவருக்கு ஒத்துக்கொண்டு இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது மரபணுவால் மட்டும் அல்ல, கை எத்தனை முறை பொட்டலத்துக்குள் போனது என்பதாலும்தான்.

ஆனாலும் எல்லைக்கு உட்பட்ட அந்த 7 கிராமும் செரிக்கவில்லையே, அது ஏன் தொல்லை தரவில்லை? பெருங்குடல் அதைக் காப்பாற்றிவிடுகிறது. பாக்டீரியாக்கள் லாக்டோஸைக் குறுங்கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன, சுவர் அவற்றை உறிஞ்சுகிறது, கூடவே உப்பும் தண்ணீரும் உள்ளே போகின்றன. இதற்கு ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்தை மீறி லாக்டோஸ் வந்தால் இரண்டு கேடுகள் சேர்ந்து வரும். காற்று குவியும் என்பது ஒன்று. மற்றது தண்ணீர். சின்ன மூலக்கூறுகள் குடலுக்குள் தேங்கினால் அவை தண்ணீரைத் தம் பக்கம் இழுக்கும். உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு தண்ணீர் விடுவது இதே காரணத்தால்தான். இந்த இழுப்பு எடையைப் பார்த்து வருவதில்லை, எண்ணிக்கையைப் பார்த்து வருகிறது. ஒரு கிராம் லாக்டோஸில் எண்ணற்ற சின்ன மூலக்கூறுகள். ஒரு கிராம் மாவிலோ ஆயிரக்கணக்கான சர்க்கரைகள் கோத்த பெரிய மூலக்கூறுகள், ஆகவே எண்ணிக்கையில் மிகச் சில. அதனால் செரிக்காத சர்க்கரை தண்ணீரை இழுக்கும், செரிக்காத மாவு அந்த அளவுக்கு இழுக்காது. பால்கோவாவுக்கும் சோற்றுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி இங்கே இருக்கிறது. வேலூர் ஆராய்ச்சியின் ஆணிவேரும் இதுவே.

வேலூரில் ஒரு மருத்துவர்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குடல் ஆராய்ச்சிக்கு நீண்ட மரபு உண்டு. 1960களில் வேலூரைச் சுற்றிய கிராமங்களில், மாதக்கணக்கில் பேதியாகி ஆள் மெலிந்துபோகும் ‘ஸ்புரூ’ என்ற நோய் கொள்ளைநோய் போலப் பரவியபோது, செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அதை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். சிறுகுடலின் உறிஞ்சும் சுவர் சிதைவதுதான் அந்நோய் என்பது அப்போதைய பார்வை. அந்தக் குழுவில் வந்து சேர்ந்த பி.எஸ். ராமகிருஷ்ணா வேறு இடத்தைப் பார்த்தார். சிறுகுடல் விட்ட தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள வேண்டிய பெருங்குடல் ஏன் சும்மா இருக்கிறது? 1982இல் மாத்தனோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், ஸ்புரூ நோயாளிகளின் பெருங்குடலும் தண்ணீரையும் உப்பையும் சரியாக உறிஞ்சுவதில்லை என்று காட்டினார். இளம் ஆய்வாளர் ஒருவர் யாரும் பொருட்படுத்தாத உறுப்பைத் தேர்ந்தெடுத்து, அதையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் தொடர்ந்தது பெரிய செயல் என்றே கருதுகிறேன். சிறுகுடலை ஆராய்வதற்கு அன்று ஆளும் பேரும் நிறைய இருந்தன.

பிறகு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், முன்பு சொன்ன அதே ரோடிகரோடு வேலை செய்தார். பெருங்குடல் உயிரணு எதை உண்கிறது என்ற கேள்வியும், அது ஏன் தண்ணீரை உறிஞ்சவில்லை என்ற கேள்வியும் ஒருவர் கையில் சேர்ந்தன. 1993இல் வேலூரிலிருந்து வந்த கட்டுரை அவற்றை இணைத்தது. கடும் பேதியில் இருப்பவர்களின் மலத்தில் குறுங்கொழுப்பு அமிலங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. அவர்களுடைய பெருங்குடலின் கடைசிப் பகுதி தண்ணீரை உறிஞ்சத் திணறியது. அங்கேயே அந்த அமிலங்களைக் கொடுத்தபோது உறிஞ்சுதல் மீண்டது. பேதி பாக்டீரியாக்களையும் அவற்றின் உணவையும் அடித்துக்கொண்டு போகிறது, அமிலம் குறைகிறது, அதனால் சுவர் தளர்கிறது, பேதி இன்னும் கூடுகிறது. பின்னாளில், 2008இல், பேதியான குழந்தைகளின் மலத்தை மரபணு முறையில் சோதித்தபோது, பியூட்டிரேட் தரும் பாக்டீரியாக்கள் நோயின்போது சரிந்திருப்பதை அவரது குழு நேரடியாகவே கண்டது.

48 பேர், மூன்று கரைசல்கள்

காலராவுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீர் உயிர் காக்கும் என்பது 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மகாலனாபிஸ் நிறுவிக் காட்டிய உண்மை. இன்று எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதன் வாரிசு. குளுக்கோஸ் சிறுகுடல் சுவருக்குள் நுழையும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகும், உப்பின் பின்னால் தண்ணீர் போகும். அந்தப் பொட்டலத்துக்கு ஒரு குறை உண்டு. அது உடம்பில் நீரிழப்பைச் சரிசெய்யுமே தவிரப் பேதியைக் குறைக்காது. குழந்தைக்குக் கொடுத்த பிறகும் அப்படியே போய்க்கொண்டிருந்தால், இதனால் பயனில்லை என்று தாய் நினைப்பதில் வியப்பில்லை. குளுக்கோஸைக் கூட்டிப் போட்டால் என்ன? சின்ன மூலக்கூறு, எண்ணிக்கை கூடும், தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துக் காரியத்தைக் கெடுக்கும். மாங்காய்த் துண்டின் பாடமே இங்கும்.

ராமகிருஷ்ணாவும், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஹென்றி பைண்டரும், அடிலெய்டின் கிரேம் யங்கும் வேறொரு வழியை யோசித்தார்கள். கரைசல் சிறுகுடலுக்கு மட்டும் ஏன் வேலை கொடுக்க வேண்டும்? சும்மா இருக்கும் பெருங்குடலையும் எழுப்பினால் என்ன? காலரா நஞ்சு குடல் சுவரின் வழக்கமான உப்புக் கதவை அடைத்துவிடுகிறது. குறுங்கொழுப்பு அமிலங்கள் நுழையும் கதவையோ அது அடைப்பதில்லை என்று எலிகளில் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். அந்த அமிலத்தை வாய்வழி கொடுத்தால் பெருங்குடல் வரை போகாது. அதனால் சிறுகுடலுக்கு மசியாமல் கீழே போய்ச் சேரும் மாவைக் கொடுப்பது, அதைப் பாக்டீரியா அமிலமாக்கட்டும் என்று விடுவது. இப்படி மசியாத மாவைச் செரியாமாவு என்போம். அமைலோஸ் மிகுந்த ஒருவகை மக்காச்சோள மாவு அதற்குப் பயன்பட்டது.

வேலூரில் காலரா கண்ட 48 பேர் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள், குழுவுக்கு 16 பேர். ஒரு குழுவுக்கு வழக்கமான கரைசல். இன்னொன்றுக்கு அதோடு லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு. மூன்றாவதற்கு அதோடு லிட்டருக்கு 50 கிராம் செரியாமாவு. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி நிற்கச் சராசரியாக 90.9 மணி நேரம் ஆனது. அரிசி மாவுக் குழுவுக்கு 70.8 மணி. செரியாமாவுக் குழுவுக்கு 56.7 மணி. கிட்டத்தட்ட ஒன்றரை நாள் மிச்சம். 2000ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வெளியானது.

மாவு வெறுமனே மலத்தைக் கெட்டியாக்கியிருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். அரிசி மாவுக் குழு இருந்தது அந்தக் கேள்விக்காகவும்தான். அதுவும் மாவு, அதே 50 கிராம், ஆனால் பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்துவிடும். கெட்டியாக்குவது மட்டுமே காரணமென்றால் இரண்டு மாவும் ஒரே பலன் தந்திருக்கலாம், தரவில்லை. மலத்தில் வெளியேறிய மாவையும் அளந்தார்கள். வழக்கமான கரைசலில் 11.7 கிராம், அரிசி மாவில் 15.1, செரியாமாவில் 32.6. செரியாமாவு பெருங்குடல் வரை போய்ச் சேர்ந்தது என்பதற்கு இது நேரடிச் சான்று. 16 பேர் போதுமா என்பது இன்னும் வலுவான எதிர்ப்பு. போதாது என்பதே நேர்மையான பதில். அதனால்தான் குழு நிற்காமல் குழந்தைகளிடமும், புதிய வகைக் கரைசலோடு பெரியவர்களிடமும் சோதனையைத் தொடர்ந்தது. 2008இல் 50 பெரியவர்களிடம் நடந்த சோதனையில் பேதி நீடித்த நேரத்தின் நடுமதிப்பு 42 மணியிலிருந்து 19 மணியாகக் குறைந்திருந்தது. எண்கள் சிறியவை, திசை ஒன்றே.

பழைய சோறு மருந்தா

இந்த இடத்தில் நம் ஊர்ப் பெருமை தலைதூக்குவது இயல்பு. சோறு ஆறும்போது, வெந்து குழைந்த மாவுச் சங்கிலிகளில் சில மறுபடி நெருங்கிப் படிந்து இறுகுகின்றன. இறுகியதை நொதிகளால் எளிதில் உடைக்க முடியாது. ஆறிய சோற்றில் செரியாமாவு கூடுகிறது என்பது உண்மை. 2015இல் இந்தோனேசியாவில் அளந்தபோது, சுடுசோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்தது. பத்து மணி நேரம் வெளியில் ஆறவைத்ததில் 1.30, ஒரு நாள் குளிர்பதனப்பெட்டியில் வைத்துச் சூடாக்கியதில் 1.65.

இரண்டு மடங்கு என்று சொல்லும்போது பெரிதாகத் தெரியும். 300 கிராம் பழைய சோற்றில் நான்கு கிராமை எட்டாது என்று சொல்லும்போது அளவு புரியும். வேலூரில் கொடுத்தது லிட்டருக்கு 50 கிராம். ஆகவே வேலூர் ஆராய்ச்சி பழைய சோற்றை மருந்து என்று நிரூபித்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் அந்த ஆராய்ச்சியைப் படிக்கவில்லை. அதற்காகப் பழைய சோறு பயனற்றது என்றும் ஆகாது. பேதியை நிறுத்தும் அளவு வேறு, பெருங்குடலுக்கு அன்றாடம் கிடைக்கும் படி வேறு. நாள்தோறும் நான்கு கிராம் பல ஆண்டுகளுக்குப் போகிறது, அதனோடு வெங்காயத்தின் நாரும் துவையலும் பயறும் சேர்கின்றன. பெருங்குடல் சுவருக்குத் தேவை இந்த ஒழுங்கான படிதான். தண்ணீர் ஊற்றி வைத்த சோறு ஓரளவு புளித்தும்விடுகிறது. ஆனால் சுத்தமில்லாத தண்ணீரில், வெயில் காலத்தில், அளவுக்கு மீறி வைத்த சோறு வேறு கிருமிகளுக்கும் விருந்து என்பதை மறக்கக் கூடாது.

பழக்கம் பாக்டீரியாக் கூட்டத்தையே மாற்றும் என்பதற்கு லாக்டோஸிலேயே சான்று உண்டு. 1996இல் அமெரிக்காவில் லாக்டேஸ் குறைந்தவர்களுக்கு நாள்தோறும், படிப்படியாகக் கூட்டி லாக்டோஸ் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே, அதைச் செரிக்காததன் அடையாளமாக மூச்சில் வரும் ஹைட்ரஜன் வெகுவாகக் குறைந்தது. அவர்களுடைய மரபணு மாறவில்லை, லாக்டேஸ் கூடவில்லை. லாக்டோஸை வேகமாகச் சமைக்கும் பாக்டீரியாக்கள் பெருகின. தினமும் சிறிது பாலும் தயிரும் சேர்க்கிறவருக்குப் பால்கோவா ஒத்துக்கொள்வதற்கும், எப்போதோ ஊருக்கு வந்து கால் கிலோவைத் தீர்ப்பவருக்கு ஒத்துக்கொள்ளாததற்கும் இது ஒரு நல்ல விளக்கம்.

நல்லது என்று ஒரு முத்திரை

சரி, பியூட்டிரேட் நல்லது, அதைத் தரும் பாக்டீரியா நல்லது, அதை மாத்திரையாக்கி விற்றால் என்ன? இந்த வணிகம் இன்று வேகமாக வளர்கிறது. ராமகிருஷ்ணாவின் குழுவே இதற்கு ஒரு தடைக்கல்லைப் போட்டிருக்கிறது. ஃபீகலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி என்பது பியூட்டிரேட் தரும் முக்கியப் பாக்டீரியா, குடல் அழற்சி நோயாளிகளிடம் குறைவாகக் காணப்படுவதால் உலகம் முழுக்க நல்ல பெயர் வாங்கியது. 2010இல் உடல் பருத்த இந்தியக் குழந்தைகளை ஒல்லியான குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, பருத்தவர்களிடம்தான் அது மிகுதியாக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் காரணம் யோசித்தால் புரியக்கூடியது. குறுங்கொழுப்பு அமிலங்கள் ஆற்றலும்கூட, நமக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஐந்து முதல் பத்து சதவீதம் இந்த வழியில் வரக்கூடும். போதாமல் உண்பவருக்கு அது வரவு. மிகுதியாக உண்பவருக்கும் வரவுதான், வேண்டாத வரவு. ஒரே பாக்டீரியா, ஒரே வேலை, வீட்டுக்கு வீடு வேறு விளைவு. பாக்டீரியாவுக்கு நல்லது கெட்டது என்று முத்திரை குத்துவதைவிட, அதன் இலையில் நாம் என்ன வைக்கிறோம், எவ்வளவு வைக்கிறோம் என்று கேட்பதே சரி.

இன்றும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் பொட்டலத்தில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது, செரியாமாவு அதில் இடம்பெறவில்லை. அதைச் சேர்ப்பதா என்பதை ஆயிரக்கணக்கானவர்களிடம் நடக்கும் சோதனைகள்தான் தீர்மானிக்க முடியும். வேலூரில் தொடங்கிய அந்தச் சோதனைகளை நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளே கையிலெடுத்து முடிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதுவரை, வீட்டில் குழந்தைக்குப் பேதியானால் செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசல், பொட்டலத்தில் சொன்ன அளவுத் தண்ணீரில். அதோடு மருத்துவர் சொல்லும் நாட்களுக்குத் துத்தநாக மருந்து. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சியையும் குழைந்த சோற்றையும் நிறுத்தாதீர்கள். பட்டினி போட்டால் பட்டினி கிடப்பது குழந்தை மட்டுமல்ல.